உஷார்! சேற்றுப்புண்ணோடு வயலில் இறங்காதீர்கள்

சம்பா நடவு தொடங்கிவிட்டால் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் பலருக்குக் கால்விரல் இடுக்கு வெடித்துவிடும். மருதாணியையோ மஞ்சளையோ அரைத்துப் பூசிவிட்டு மறுநாளும் அதே சேற்றில் இறங்குவார்கள். தயவுசெய்து இந்த வருஷம் அப்படிச் செய்யாதீர்கள். பெரிய நோய்கள் உள்ளே புகுவது அந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான்.

முதலில் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். ஊறிப்போன தோலும் வெடிப்பும் அதற்குப் போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண்ணும் சிவந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போங்கள். போனதும் "சேத்துல வேலை செஞ்சேன்" என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாட்கள் ஓடிவிடும். அதற்குள் சிறுநீரகமும் கல்லீரலும் கெடலாம். ஈர மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் புண் வழியாக நுழையும். ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் நோய் இது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். காசநோய் போலவே தோன்றி ஏமாற்றும்.

யானைக்கால் உள்ளவர்களும் கவனியுங்கள். அது கொசுவால் வரும் நோய்தான். ஆனால் வீங்கிய காலில் திரும்பத் திரும்ப நெறி கட்டிக் காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் விரலிடுக்குப் புண்தான் வழிவிடுகிறது.

என்னை அதிகம் கலங்க வைப்பது சர்க்கரை நோய் முற்றி மரத்துப்போன கால். முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் புண் ஆழமாகும் வரை யாரும் பார்ப்பதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் கண்டு சொன்னார்: பாதத்தை அழிப்பது நேரடியாக நோயல்ல, உணர்வில்லாத காலில் ஓயாமல் விழும் அழுத்தமும் காயமும். அந்தக் கால்களுக்காகப் பரவிய மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கப்படுகிறது. அது நடப்பதற்கு; வயலுக்கு அல்ல. மரத்த காலோடு சேற்றில் இறங்கவே வேண்டாம்.

கணுக்கால் சேற்றில் கம்பூட் உருவிக்கொள்ளும் என்று நடவு நடும் அக்காக்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் வரப்பு வரை போட்டுக்கொண்டு போகலாமே! கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் விரலாகத் துணியால் ஒற்றி, உள்ளங்காலையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஆறும்வரை சேறு வேண்டாம். கூலி போகும், தெரியும். நிலத்துக்காரர்களே, புண் கால்காரருக்குக் களத்து மேட்டிலோ வரப்பிலோ வேலை கொடுங்கள்.

கரும்பு வெட்டுக்கும் அறுவடைக்கும் பூட்ஸ் உருவிக்கொள்ளும் என்ற சாக்குக் கிடையாது. அங்கே தரை காய்ந்திருக்கும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். அது பெரும்பாலும் பாதத்தையும் கணுக்காலையும்தான் கடிக்கிறது. ஹவாய் செருப்பு அதைத் தடுக்காது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பூட்ஸைத் தினமும் கவிழ்த்துக் காயவையுங்கள். மாட்டும் முன் தட்டிப் பாருங்கள், உள்ளே தேள் இருக்கலாம்.