ஒரு நாள் சிறுநீரில் கார்டிசால்

காயம், காய்ச்சல், பட்டினி, அச்சம் என எந்த நெருக்கடி நேர்ந்தாலும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை எட்டியதும், அவற்றின் புறப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. மன அழுத்த ஹார்மோன் எனப் பரவலாக அறியப்படும் இது, நெருக்கடி ஏதுமில்லாத நாளிலும் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சரிந்துவிடாமல் காக்கச் சுரந்துகொண்டே இருக்கும்.

கார்டிசாலின் அளவு அதிகாலையில் உச்சத்தை எட்டி, நள்ளிரவில் மிகத் தாழ்ந்துவிடுவதால், ஒரு முறை எடுத்த இரத்தம் அந்த வேளையின் நிலையை மட்டுமே காட்டும். மேலும், இரத்தத்திலுள்ள கார்டிசாலில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது புரதங்களோடு பிணைந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அப்புரதத்தைப் பெருக்குவதால், நோய் இல்லாத பெண்ணுக்கும் மொத்த அளவு கூடித் தெரியும். பிணைப்பில்லாத பகுதி மட்டுமே சிறுநீரகத்தில் வடிகட்டப்படுகிறது. அதிலும் மிகச் சிறிய பங்குதான் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. 24 மணி நேரச் சிறுநீரைத் திரட்டி அளப்பது இந்தப் பங்கைத்தான்.

ஆய்வகம் தரும் பெரிய கேனில் பரிசோதனை தொடங்கிவிடுகிறது என்றே சொல்லலாம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் கழிப்பது அனைத்தையும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, கேனில் ஊற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். இடையில் ஒரு முறை தவறினாலும் விடை பொய்யாகத் தாழும். அதனால்தான் தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினினையும் சேர்த்து அளந்து, சேகரிப்பு முழுமையானதா எனச் சரிபார்க்கின்றனர். 

எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் முறைக்கு வழிவகுத்த கதிரியக்க அளவீட்டுக்காக ரோசலின் யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும், எதிர்ப்பொருள் சில வேளைகளில் பிரட்னிசோலோன் மருந்தையும் கார்டிசாலின் சிதைவுப் பொருள்களையும் கார்டிசாலாகவே எடுத்துக்கொள்ளும். மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலைமானியில் அந்தக் குழப்பம் மிகக் குறைவு. அதில் இயல்பளவின் மேல்வரம்பும் தாழ்வாகவே இருப்பதால், ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றொன்றின் வரம்போடு ஒப்பிடுவது வீண்.

இத்தனை பாடும் அலுவலக நெருக்கடியை எடைபோடுவதற்காக அல்ல. வேலைப்பளுவால் தவிக்கும் ஒருவரின் அளவு இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்பது சாதாரணம் என்பதால், அந்த நோக்கத்தோடு இதைச் செய்துகொள்வதில் பயனில்லை. 1912இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விவரித்த, கார்டிசால் மிகுதியால் வரும், இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயைக் கண்டறிவதே இதன் முதன்மைப் பயன். முகம் உருண்டு வீங்குதல், வயிற்றில் அகன்ற ஊதா நிறக் கோடுகள், லேசாகப் பட்டாலே கன்றும் மெல்லிய தோல், படியேற முடியாதபடி தொடைத்தசை தளர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

கடும் மனச்சோர்வு, மிகுந்த மதுப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு ஆகியவற்றிலும் அளவு ஓரளவு ஏறுவதால், வரம்பைச் சற்றே தாண்டிய எண் எதையும் உறுதிசெய்வதில்லை. நாட்டு மருந்தில் சேரும் அதிமதுரம்கூடச் சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்து விடையை உயர்த்தக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றவர்களிடமோ, நோய் இருந்தும் அளவு குறைந்து தெரியும். சிலருக்கு நோயே விட்டுவிட்டு வருவதால், முதல் விடை இயல்பாக இருந்தாலும் அறிகுறிகள் நீடித்தால், மருத்துவர் மீண்டும் ஒரு கேனைக் கொடுத்தனுப்புகிறார்.