ஆறு டாலர், எட்டுப் பேர்

பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும். டிரம்ஸ், பாஸ் கிட்டார், கீபோர்டு, சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் ஒரே நொடியில் வெட்டியதுபோல் நிற்கும். கை தூக்கி ஆடிக்கொண்டிருந்த கூட்டம் தூக்கிய கையோடு காத்திருக்கும். அடுத்த அடியில் எட்டுப் பேரும் ஒன்றாக உள்ளே பாய்வார்கள். அப்போது எழும் கூச்சல் இருக்கிறதே, அது பாடியவருக்கு மட்டும் கிடைக்கும் கூச்சல் அல்ல. எட்டுப் பேரும் ஒரே கணத்தில், தலைமுடி அளவுகூடப் பிசகாமல் வந்து விழுந்தார்களே, அதற்கான கூச்சல்.

நியூயார்க்கைச் சேர்ந்த ‘லாரன்ஸ்’ குழுவின் மேடைப் பதிவுகளில் இந்தக் கணம் திரும்பத் திரும்ப வருகிறது. க்ளைட் லாரன்ஸ், கிரேஸி லாரன்ஸ் என்ற அண்ணன் தங்கைதான் குழுவின் முகம். அண்ணன் கீபோர்டில் உட்கார்ந்து கரகரத்த குரலில் பாடுவார். தங்கையின் குரல் பளிச்சென்று, அரங்கின் கடைசிச் சுவர் வரை எட்டும். ஒரு வரியை அண்ணன் தொடங்க, தங்கை பாதியில் பிடுங்கிக்கொள்ள, கடைசிச் சொல்லில் இருவரும் சேர, பின்னாலிருந்து ஊதுகருவிக்காரர்கள் அதற்கு ஒரு பதில் சொல்ல, பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றே தெரியாது. கல்லூரிக் கால நண்பர்களும் சிறுவயதுத் தோழர்களுமாகச் சேர்ந்தவர்கள் என்பதால் மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பில் நடிப்பு இல்லை.

வீட்டிலேயே கலை இருந்தது. அப்பா மார்க் லாரன்ஸ் ஹாலிவுட் திரைக்கதாசிரியர், இயக்குநர். அவர் எழுத்தில் பங்குள்ள ‘மிஸ் கன்ஜினியாலிட்டி’ படத்தில் (2000) வரும் அழகிப் போட்டிப் பாட்டை எழுதியபோது க்ளைட் சின்னஞ்சிறு பையன். பிறகு பிரவுன் பல்கலைக்கழகம், அங்கே சேர்ந்த நண்பர்கள், வார இறுதிக் கச்சேரிகள். 2016-இல் ‘பிரேக்ஃபஸ்ட்’ ஆல்பம், 2018-இல் ‘லிவிங் ரூம்’, 2021-இல் ‘ஹோட்டல் டி.வி.’, 2024-இல் ‘ஃபேமிலி பிசினஸ்’. இரண்டாவது ஆல்பத்தில் வந்த ‘டூ யூ வான்னா டூ நத்திங் வித் மீ’ பாட்டு பின்னர் டிக்டாக்கில் பரவியது. ‘டோன்ட் லூஸ் சைட்’ வானொலியிலும் விளம்பரத்திலும் ஒலித்தது. 2025-இல் கிரேஸி பிராட்வே மேடையில் ‘ஜஸ்ட் இன் டைம்’ இசை நாடகத்தில் பாடகி கானி ஃப்ரான்சிஸாக நடித்து டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இத்தனையும் வெற்றிக் கதைதான். ஆனால் எனக்கு இந்தக் குழுவைப் பற்றி எழுதத் தோன்றியது வேறொரு காரணத்தால். எட்டுப் பேர் கொண்ட ஒரு இசைக்குழு இன்றைய கணக்கில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

லாரன்ஸ் குழு வாசிக்கும் சோல் இசைக்கு ஆள் வேண்டும். அந்த இசையை வளர்த்த டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் பதிவு நிறுவனங்களின் கதைகளுக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டுகளில் நம்மைத் தூக்கிப் போடுவது பாடகரின் குரல் மட்டும் இல்லை. குரலுக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்து ஊதும் அந்தக் குட்டி வெட்டு இருக்கிறது, அதுதான் பாதி வேலையைச் செய்கிறது. ஊதுகருவி என்றால் மூச்சு. மூன்று பேர் ஒரே இடத்தில் மூச்செடுத்து, ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு பழகினாலும் ஒருவர் இம்மி முந்துவார், ஒருவரின் சுரம் இம்மி ஏறியிருக்கும். அந்த இம்மிதான் ஒலிக்கு உடம்பு கொடுக்கிறது. கீபோர்டில் ‘பிராஸ்’ என்ற பொத்தானை அழுத்தினாலும் சத்தம் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அச்சில், அதே அளவில் வரும். அது மூச்சு வாங்குவதில்லை. களைப்பதும் இல்லை, பாட்டின் கடைசி நிமிடத்தில் முகம் சிவக்க இன்னும் கொஞ்சம் எட்டிப் பிடிப்பதும் இல்லை.

1980-களில் சிந்தசைசரும் டிரம் மெஷினும் பரவியபோது பாப் இசையில் முதலில் வேலை இழந்தவர்களில் இந்த ஊதுகருவிக்காரர்கள் உண்டு. பத்துப் பேர் வாசித்ததை ஒருவர் மேசையில் வைத்து முடித்துவிட முடிந்தது. பிறகு 2000-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஷரன் ஜோன்ஸ் பாட, ‘டாப்-கிங்ஸ்’ என்ற குழு பழைய முறையில் கூடி வாசிக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ (2006) ஆல்பத்தின் பல பாட்டுகளில் கேட்பது அவர்களின் வாசிப்புத்தான். ஷரன் ஜோன்ஸ் அதற்கு முன் சிறைக் காவலராக வேலை பார்த்தவர். முதல் ஆல்பம் வரும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். அவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் லாரன்ஸ் போன்ற இளைய குழுக்கள் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஏந்தி உள்ளே வந்தன என்று நான் நம்புகிறேன்.

கதவு திறந்ததே தவிர, உள்ளே போய் நிற்பதற்கு ஆகும் செலவு குறையவில்லை. அந்தச் செலவு என்ன என்பதை ஊரறியப் பேசியவர் க்ளைட் லாரன்ஸ்தான்.

2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘ஈராஸ் டூர்’ முன்பதிவில் நடந்த குளறுபடி நினைவிருக்கும். டிக்கெட் கிடைக்காத ரசிகர்களின் கோபம் அமெரிக்க செனட் வரை போனது. 2023 ஜனவரி 24 அன்று நடந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. கலைஞர்கள் தரப்பில் பேச வந்தவர் க்ளைட். நடுத்தர அளவிலான ஒரு குழுவின் கீபோர்டுக்காரர், நாட்டின் சட்டமியற்றும் மன்றத்தில் வரவு செலவுக் கணக்கைப் பிரித்து வைத்தார்.

டிக்கெட் விலை 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஏறும் சேவைக் கட்டணங்களைச் சேர்த்து ரசிகர் கட்டுவது 42 டாலர். நிகழ்ச்சியின் செலவுகளும் மற்றவர்களின் பங்கும் போகக் குழுவின் கைக்கு வருவது 12 டாலர். அதில் ஏறக்குறைய பாதி பயணம், தங்குமிடம், ஊழியர் சம்பளம் என்று ஊர் சுற்றும் செலவுக்கே போய்விடும். மிச்சம் 6 டாலர். எட்டுப் பேர் பங்கு போட்டால் தலைக்கு முக்கால் டாலர். வரி கட்டுவதற்கு முன்னால்!

இந்தக் கணக்கில் என் கண்ணை உறுத்தும் எண் ஒன்று இருக்கிறது. ரசிகர் கூடுதலாகக் கட்டிய சேவைக் கட்டணம் 12 டாலர். வேனில் ஊர் ஊராகப் போய், இரவெல்லாம் வியர்க்க வாசித்த மொத்தக் குழுவுக்கும் கிடைத்ததும் அதே 12 டாலர். டிக்கெட்டை விற்றதற்கு ஆன கூலியும் பாட்டைப் பாடியதற்கு ஆன கூலியும் ஒன்று.

அதோடு முடியவில்லை. அரங்கில் விற்கும் டி-ஷர்ட் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அரங்குக்குப் போகிறது என்றார் அவர். அதே இரவில் அரங்கு விற்ற மதுவிலோ, கார் நிறுத்தக் கட்டணத்திலோ, கோட்டு வைக்கும் இடத்தின் வசூலிலோ குழுவுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒரு நிகழ்ச்சியில் பத்துத் துவைத்த துண்டுகளுக்கு 250 டாலர் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னார். முகம் துடைக்கிற துண்டு, ஒன்றுக்கு 25 டாலர். ரசிகர் விலைக்கு வாங்கும் டி-ஷர்ட்டே அந்த அளவுக்குத்தான் வரும்.

அரங்கு நடத்துகிறவர்களுக்கும் வாடகை, காப்பீடு, காவல், ஒலியமைப்பு என்று செலவு உண்டு, இருக்கை நிரம்பாவிட்டால் நட்டம் அவர்களுடையதே என்று அந்தத் தரப்பு சொல்கிறது. சொல்வதில் நியாயமும் உண்டு.

ஆனால் என் கவலை அந்தப் பங்குத் தகராறைவிடப் பெரியது. அந்த 6 டாலரை மேடையில் தனியாக நிற்கும் ஒரு பாடகர் கொண்டுபோனால் அது முழுதாக 6 டாலர். லேப்டாப்பில் தாளத்தை ஓடவிட்டு அவர் பாடிவிடலாம். இருவர் என்றால் மூன்று மூன்று. எட்டுப் பேர் என்றால் முக்கால். அதாவது ஒவ்வொரு சாக்ஸபோன்காரரும் மேடையில் கால் வைக்கும்போது மற்ற எல்லாருடைய பங்கும் கரைகிறது. எந்த இசைக்கு ஆள் அதிகம் தேவையோ அந்த இசையைத்தான் இந்தக் கணக்கு முதலில் நசுக்கும். சோல் குழு, ஃபங்க் குழு, ஜாஸ் பெரும்குழு எல்லாம் அந்த வரிசையில் நிற்கின்றன. புதிதாக ஒரு குழு தொடங்கும் இருபது வயதுப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ‘டிரம்பெட்டை டிராக்கில் போட்டுக்கொள்ளலாம், இன்னொரு ஆளுக்கு ஓட்டல் அறை எதற்கு?’ என்றுதானே? டிரம்பெட்காரரை யாரும் தடை போட்டு நிறுத்தவில்லை. பட்ஜெட் தாளிலேயே அந்த ஆள் விடுபட்டுப் போகிறார்.

ஸ்ட்ரீமிங்கில் வருமானம் வராதா என்று கேட்கலாம். அதற்கு இன்னொரு குழுவின் கதையைச் சொல்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களாக 2011-இல் தொடங்கிய ‘வல்ஃப்பெக்’, சோலும் ஃபங்கும் கலந்து வாசிக்கும் குழு. 2014-இல் அவர்கள் ‘ஸ்லீப்பிஃபை’ என்றொரு ஆல்பம் வெளியிட்டார்கள். பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றிலும் ஒலி இல்லை, சுத்தமான மௌனம். அரை நிமிடம் ஓடினால்தான் ஒரு பாட்டுக்குக் காசு என்பது ஸ்ட்ரீமிங் விதி. ‘இரவு தூங்கும்போது இதை ஓடவிடுங்கள், வரும் பணத்தில் டிக்கெட்டே இல்லாமல் இலவசமாக ஊர் ஊராக வந்து வாசிக்கிறோம்’ என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ரசிகர்கள் செய்தார்கள். ஆல்பம் நீக்கப்படுவதற்குள் சுமார் 20,000 டாலர் சேர்ந்துவிட்டது. சொன்னபடி இலவசக் கச்சேரிகளும் நடந்தன. 2019 செப்டம்பரில் பெரிய கம்பெனியின் துணையில்லாமல் அதே குழு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை நிரப்பியது.

அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அருமையாக வாசிக்கத் தெரிந்த ஒரு குழு, ஊர் சுற்றி வாசிப்பதற்கான பணத்தை வாசிக்காமல் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அந்த வழியும் ஒருமுறைதான் திறக்கும்.

செனட் விசாரணைக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. சில சிறிய அரங்குகளில் டி-ஷர்ட் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட் விற்கிறவர்கள் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். முப்பது என்று காட்டி நாற்பத்திரண்டு வாங்கும் வித்தை இனி நடக்காது. நல்ல விதிதான், வரவேற்கிறேன். ஆனால் அது விலையைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நாற்பத்திரண்டில் ஊதுகிறவருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டில் கை வைக்கவில்லை.

லாரன்ஸ் குழு இன்னும் எட்டுப் பேராகத்தான் மேடையேறுகிறது. ஆளைக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் பங்கு கூடும் என்பது அந்தக் கணக்கைச் சொன்னவர்களுக்கே தெரியாதா? தெரிந்தும் குறைக்கவில்லை. அவர்களுடைய ‘அகூஸ்டிக்-இஷ்’ பதிவுகளைப் பாருங்கள். பெரிய மேடையும் விளக்கும் இல்லாமல், நெருக்கியடித்து நின்று, அதே பாட்டை அத்தனை பேரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஊதுகருவிகள் அங்கேயும் உண்டு. ஒருவர் ஊதி முடித்து மூச்சு வாங்கும் ஓசைகூடக் காதில் விழும். அந்த எட்டாவது ஆளின் இடம் செலவுக் கணக்கில் வெட்டக்கூடிய வரி இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கப் போகும் வாசகர்கள் நம்மில் பலர். அடுத்த முறை போகும்போது ஒரு மாலையை ஒதுக்கி, ஐந்நூறு பேர் கொள்ளும் ஏதாவது ஒரு சிறிய அரங்கில், மேடையில் ஊதுகருவிக்காரர்கள் நிற்கும் ஒரு குழுவைப் போய்க் கேளுங்கள். முடிந்தால் டிக்கெட்டை அரங்கின் கவுண்டரிலேயே வாங்குங்கள். பல இடங்களில் ஆன்லைன் கட்டணம் அங்கே குறையும், அல்லது இருக்கவே இருக்காது. டி-ஷர்ட் பிடித்திருந்தால் குழுவின் சொந்த இணையக் கடையில் வாங்குங்கள். அந்தப் பணத்தில் அரங்குக்குப் பங்கு இல்லை.