கரும்பு வயலில் செல்லும், உப்பளத்தில் செல்லாது

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்பவர் முறையியல் தாளில் தேறியாக வேண்டும். பலருக்கு அது சூத்திரங்களோடு முடிந்துவிடுகிறது. ஆனால் முறையியல் என்பது அடிப்படையில் சந்தேகப்படும் பழக்கம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வறுமை சிந்தனையைத் தடுமாறச் செய்கிறதா என்று அறிய, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும் சோதனை: ‘5 5 5’ என்று காட்டினால் எத்தனை எண் என்று பார்த்து ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும், நாக்கோ ‘ஐந்து’ என்று முந்தும். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் தடுமாற்றம் கூடியிருந்தது. இரண்டாம் முறை பழகியதால் தேறினார்களோ? அதற்காகவே சிலரை அறுவடைக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சோதித்தார்கள். பருவம்தான் காரணமோ? ஆலை வெட்டுக்கு நாள் குறிப்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாதத்தில் ஒருவரிடம் பணம், பக்கத்து வயல்காரரிடம் கடன்.

இதே வடிவத்தை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தில் வைத்தால் உடைந்துபோகும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மொத்தமாக மூழ்கும். எல்லார் கூலியும் ஒன்றாக நிற்கும். மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்தால் அது வறுமையாலா, வெயிலாலா, வேலைக் களைப்பாலா? பிரிக்க வழியில்லை. புள்ளியியல் மென்பொருள் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். அதுவும் தேவைதான், ஆனால் ஒப்பிட ஆளில்லாத தரவை அது காப்பாற்றாது. மழையிலும் சம்பளம் நிற்காத ஒரு குழுவை அதே கடற்கரையில் முதலில் தேடியாக வேண்டும்.