நின்று துடுப்பிடக் கற்போம்

வாஷிப் பாலத்தை ரயிலில் கடக்கையில், "பலகைமேல் நின்று துடுப்பிட்டுப் பந்தயத்தில் கலந்துகொள்ளட்டுமா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் தடுக்காதிருங்கள். ஆனால் கீழே உள்ள தாணே கழியில் இறங்க விடாதிருங்கள். நீர் வற்றும் வேளையில் அங்கே சேறே மிஞ்சும். அதன் ஒரு பகுதி 2015 முதல் பூநாரைச் சரணாலயமும் ஆகும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் பயிற்சி பெறலாம். தமிழகத்தின் சேகர் பச்சை தேசியப் பந்தயங்களில் வென்றவர். பெண்பிள்ளைகளுக்கும் முன்மாதிரி உண்டு: கர்நாடகத்தின் தன்வி ஜெகதீஷ் 2016இல் பீஜித் தீவில் நடந்த உலகப் போட்டியில் பங்கேற்றார்.

முதலாவது நீச்சல் பழகவேண்டும். உயிர்காப்பு அங்கியையும், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றையும் ஒருநாளும் விடலாகாது. விழுந்தவருக்குப் பலகையே தோணி. கயிறில்லையேல் காற்று அதை அடித்துச் சென்றுவிடும்.

அமைதியான நீரில் முழங்காலிட்டுத் தொடங்கி, பின்பு கால்களைத் தோளளவு அகற்றி எழுந்து நிற்கட்டும். பார்வை தொலைவில் இருக்கட்டும். கையால் மட்டும் இழுப்பவர் விரைவில் களைப்பார். உடலையும் திருப்பி இழுப்பவர் நெடுந்தூரம் செல்வார். காற்றை எதிர்த்துப் புறப்பட்டால், களைத்துத் திரும்புகையில் அதுவே துணைநிற்கும். பந்தயப் பலகை 14 அடி வரை நீண்டு ஒடுங்கியிருக்கும்; அகன்ற பலகையில் நிலைத்தபின்பே அதில் ஏறவேண்டும்.

பிள்ளை பலமுறை விழக்கூடும். கரையில் நின்று பயமுறுத்தாதிருங்கள். கயிறு கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.