இருபாற்கும் பொதுவான இயற்பெயர்கள்

பெண்மகவுக்குப் பெயரிடப் புகும் பெற்றோர் சிலர், கேட்ட அளவில் ஆண் என்றோ பெண் என்றோ துணிய இயலாத பெயரை விரும்பித் தேடுதலை இந்நாளிற் காண்கின்றோம். விண்ணப்பத்தில் தம் மகள் பெயரைப் படிப்பவர் அவளுடைய கல்வியையும் தகுதியையும் நோக்கட்டும், பாலை நோக்க வேண்டா என்பது அவர்தம் கருத்து. இதனை மேனாட்டு வழக்கின் சாயல் என ஒதுக்குவாரும் உளர். தமிழில் இத்தகு பெயர்கள் பண்டு உண்டா, அவற்றைப் பூண்டார்க்கு விளைந்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியர் பெயரியலில் இருதிணைக்கும் பொதுவாகிய பெயர்களை விரவுப்பெயர் என வகுத்து, அவற்றுள் இயற்பெயரைப் பெண்மை, ஆண்மை, பன்மை, ஒருமை என நான்காகப் பகுத்தார். உரையாசிரியர்கள் இவற்றிற்கு முறையே சாத்தி, சாத்தன், யானை, கோதை என்பவற்றை எடுத்துக்காட்டுவர். சாத்தி என்றவுடன் பெண்மை தோன்றும். சாத்தன் என்றவுடன் ஆண்மை தோன்றும். ஏனைய இரண்டும் அவ்வாறல்ல. கோதை என்பது ஒருவனுக்கும் பெயராகும், ஒருத்திக்கும் பெயராகும், அஃறிணை ஒன்றற்கும் பெயராகும். அவருள் யார் என்பதைத் தெரிவிப்பது பெயரன்று. அதனையடுத்து வரும் வினைமுற்றே. ஆகவே, பால் காட்டாப் பெயர் நம் இலக்கண நூலார்க்குப் புதியதன்று. அதற்கெனத் தனி இடமே வகுத்து வைத்துள்ளனர்.

கோதை என்பது உரைகாரர் படைத்துக்கொண்ட காட்டு மட்டும் அன்று. வரலாற்றிலும் நின்ற பெயர். சேர மன்னருள் கோக்கோதை மார்பன், குட்டுவன் கோதை, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்போரைப் புறநானூற்றால் அறிகின்றோம். மாக்கோதை தன் மனைவி இறந்தபோது இரங்கிப் பாடிய பாட்டு அந்நூலின் 245ஆம் பாட்டாக உள்ளது. அதே பெயரைத் திருப்பாவையின் இறுதியில் ஆண்டாள் தன் பெயராகக் கூறுகின்றாள். போர்க்களத்து வேந்தனும் பாமாலை சூட்டிய நங்கையும் மாலை என்னும் பொருளுடைய ஒரே சொல்லைத் தாங்கினர். இன்று கோதை என்றால் பெண்ணே நினைவுக்கு வருகின்றாள். ஆணுக்கு அப்பெயரை இடுவாரைக் காண்டல் அரிது.

ஈறு கொண்டு பாலைத் துணிதலும் எளிதன்று. இகர ஈறு பெண்பாற்கு உரியதென இக்காலத்தார் பெரிதும் எண்ணுவர். சாத்தி, பொன்னி, வள்ளி முதலியன அவ்வெண்ணத்தை வளர்த்தன. ஆயின் பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, வழுதி என்னும் ஆண்பாற் பெயர்கள் யாவும் இகர ஈற்றனவே. தொழிலாளி, நோயாளி, கூட்டாளி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் இகரம் இருபாற்கும் பொதுவாகவே நிற்கின்றது. எழினி என்னும் பெயரை நோக்குக. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அவனை ஔவையார் பாடியுள்ளார். இந்நாளில் எழினி என்பது பெண்மக்கட்கு இடப்பெறுகின்றது. எழில் என்னும் சொல்லோடு ஒலி ஒத்தலின் இம்மாற்றம் நேர்ந்தது போலும். (சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் எழினி என்பது திரைச்சீலையைக் குறிக்கும். பெயரிடுவோர் அதனை நினைப்பதில்லை, நினைத்தாலும் குற்றமில்லை.) அருண்மொழி என்பதும் அத்தகையது. 985இல் அரசேறிய முதலாம் இராசராசனின் இயற்பெயர் அது. அவன் காலத்து வளநாடு ஒன்று அருமொழிதேவன் பெயரைத் தாங்கியது. இன்று தேன்மொழி, கனிமொழி, கயல்விழி என்னும் பெண்பெயர்களின் வரிசையில் வைத்து அதனைப் பெண்ணுக்கும் இடுகின்றனர், ஆணுக்கும் இடுகின்றனர்.

புலவர் வழக்கை விடுத்து ஊர் வழக்கிற்கு வருவோம். முத்து, மணி, தங்கம், செல்வம், பாக்கியம், இரத்தினம், பழனி, காசி என்பன பொதுச் சொற்கள். இவற்றோடு அம்மாள், ஆயி, ஆத்தாள் என்பவற்றுள் ஒன்றைச் சேர்த்தாற் பெண்பெயர். சாமி, அப்பன், அன் என்பவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் ஆண்பெயர். முத்தம்மாளும் முத்துசாமியும், பழனியம்மாளும் பழனியப்பனும் இவ்வாறு அமைந்தவை. அடிச்சொல் இருவர்க்கும் ஒன்றே. பால் பின்னே ஒட்டப்பட்டது. வீட்டில் அழைக்குங்கால் ஒட்டு உதிர்ந்துவிடும். சுப்பிரமணியனும் மணி, மணிமேகலையும் மணி. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி என்னும் 20ஆம் நூற்றாண்டுப் பெயர்களும் இவ்வச்சில் வார்க்கப்பட்டனவே. ஆதலின் மகளுக்குத் தமிழ் என்றோ கதிர் என்றோ பெயரிடும் தாய் புதுவழக்கு ஒன்றைப் படைத்தாள் அல்லள். பின்னொட்டை விடுத்தாள், அவ்வளவே.

இனி, இப்பெயர்களால் விளைவது யாது? தமிழ் வினைமுற்று பால் காட்டுவது. மலையாளத்து வினைபோலப் பால் ஒழிந்ததன்று. ஆகவே கதிர் வந்தாள் என்ற அளவில் ஐயம் நீங்கும். ஆயினும் மதிப்புத் தோன்றக் கதிர் வந்தார் என்போமாயின் பால் மீண்டும் மறைகின்றது. கட்டுரைகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் இவ்வுயர்வுப் பன்மையே வழங்குகின்றது. அங்கே பெயரும் பால் காட்டாது, வினையும் பால் காட்டாது. அவ்விடத்துப் படிப்பவர் நடுநின்று இருபாலையும் எண்ணுகின்றனரா எனின், இல்லை. சான்று வேண்டுமாயின் சங்கப் புலவர் வரிசையைக் காண்க.

ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் என இருவர் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆர் என்னும் உயர்வு விகுதி இரண்டிலும் இருப்பினும், சாத்தன், சாத்தி என்னும் அடிகள் பாலை விளக்கிவிடுகின்றன. நக்கண்ணையாரைப் பெருங்கோழி நாயகன் மகள் என்னும் அடைமொழி காத்தது. வெள்ளிவீதியார் நிலை வேறு. அப்பெயரில் பெண்மைக் குறிப்பு யாதும் இல்லை. தெருவின் பெயர் போலவே தோன்றுகின்றது. கணவனைத் தேடிச் சென்ற வெள்ளிவீதியைப் பற்றி ஔவையார் அகநானூற்று 147ஆம் பாட்டில் குறித்திராவிடின் அவரைப் பெண்பாற் புலவர் எனத் துணிதற்கு இத்துணை உறுதி இராது. பொன்முடியார்க்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. தாய் கூற்றாக அமைந்த புறநானூற்று 312ஆம் பாட்டைப் பாடிய அவரைப் பெண் என்பாரும் உளர், ஆண் என்பாரும் உளர். சங்ககாலப் பெண்பாற் புலவர் தொகையை அறிஞர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகக் கணக்கிடுதற்கு இது பெருங்காரணம். பால் விளங்காப் பெயரை ஆணின் பெயராகக் கொள்வது படிப்போர் இயல்பாகிவிட்டது. இவ்வழக்கத்தால் எத்துணைப் பெண்கள் கணக்கினின்று நீங்கினரோ!

எனவே பொதுப்பெயர் இருமுனை உடையது. விண்ணப்பத்தாளில் அது காப்பாகலாம். நூலின் முகப்பில் அதுவே மறைப்பாகலாம். இதனாற் பொதுப்பெயர் வேண்டா என்பது எம் கருத்தன்று. பெயர் தெளிவாக இருந்தும் மறைக்கப்பட்ட பெண்கள் பலர். பெயரே குறிக்கப்படாதவர் அவரினும் பலர். பாரி மகளிரைச் சங்கநூல் தந்தை பெயராலன்றி வேறு பெயரால் அறியாது. குறை பெயரில் இல்லை, படிப்போர் கண்ணில் உள்ளது. இற்றைநாட் பெண்ணுக்கோ தன் நூலின் பின்னட்டையில் தன்னைப் பற்றி நான்கு வரி எழுதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வெள்ளிவீதியார்க்கு அது இல்லை.

சட்டத்தின் நிலையையும் ஒருவாறு கூறுதல் வேண்டும். செருமானிய நாட்டில் குழந்தையின் பெயர் பாலைக் காட்டுதல் வேண்டும் என்னும் நெறியைப் பதிவலுவலர் நெடுங்காலம் போற்றி வந்தனர். இந்தியத் தொடர்புடைய பெற்றோர் தம் மகளுக்குக் கதிர் என்னும் பொருளுடைய வடமொழிப் பெயரை இட்டபோது, அது பால் காட்டவில்லை எனக் கூறிப் பதிய மறுத்தனர். வழக்கு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. பெயர் பால் காட்டியே தீரவேண்டும் என்னும் கட்டுப்பாடு சட்டத்தில் இல்லை என்று அம்மன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் இத்தகைய தடை எழுந்ததில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி நடக்கும் பதிவில் குழந்தையின் பால் தனியே குறிக்கப்பெறும்; அதனைப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பெயரைத் தெரிவோர்க்கு மொழியியல் நோக்கிற் கூறத்தக்கது ஒன்று உண்டு. அன்பு, அறிவு, புகழ், வெற்றி போன்ற பண்புப்பெயர்கள் இருபாற்கும் இனிது பொருந்துவன. எனினும் அன்றாடப் பேச்சில் ஓயாது வழங்கும் சொல்லே பெயருமாயின் இடர் உண்டு. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுக்கும்போது 'அறிவு இல்லை' என்று ஒரு மாணவன் குரல் கொடுத்தால் வகுப்பே நகைக்கும். வேற்றுமை உருபு ஏற்கும்போதும், அன்பை என்பதா அன்புவை என்பதா என்னும் தடுமாற்றம் நேரும். கோதை, எழினி, அருண்மொழி போலப் பேச்சில் அருகியும் செய்யுளில் வழங்கியும் வந்த பெயர்களுக்கு இவ்விடர் இல்லை. கோதையை, எழினிக்கு, அருண்மொழியால் என உருபுகள் தடையின்றிப் பொருந்தும். கயல், நிலா முதலியன இன்று பெண்பாலிற் சாய்ந்துவிட்டமையின் பொதுப்பெயர் தேடுவார்க்குப் பயன்படா. பாரி இன்னும் ஆண்பாலிலேயே பெரிதும் நிற்கின்றது. அதனை ஒரு பெண்ணுக்கு இட இலக்கணத்தில் தடை யாதும் இல்லை. பெயர் இன்னும் துணியப்படவில்லை எனின் விரைய வேண்டுவதில்லை. மேற்கூறிய சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரின்றியே பிறப்பைப் பதிந்து பின்னர்ப் பெயரைச் சேர்க்க இடந்தருகின்றது.