இந்தக் கற்கள் ஏன்? மும்பையிலிருந்து கேட்காவ் வரை ஒரு குடும்பப் பயணம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மும்பையில் வாழும் நம் ஜனங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். தாதரிலோ கல்யாணிலோ ரயில் ஏறி, மலைத்தொடரைக் கடந்து, புனேயும் தாண்டியபின் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். அந்நேரத்தில் ஒரு சிறிய நிலையம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகிறது. நம் ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. அந்த நிலையத்தின் பெயர் கேட்காவ். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வழியே போய்வந்த நானும் ஒருமுறைகூட அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

சில காலத்திற்கு முன் வாலிபர் கூட்டம் முடிந்தபின், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். "பாஸ்டர், நம்ம ஆராதனை, பாட்டு, உபவாச ஜெபம் எல்லாம் ஊர்ல இருந்து கொண்டுவந்ததுதானே? இந்த மண்ணுல ஆண்டவர் என்ன செஞ்சிருக்கார்?" என்று கேட்டான். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த எனக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் அதை ஒரு நாளும் சபையில் சொன்னதில்லை என்பதை எண்ணி வெட்கப்பட்டேன். அதன் விளைவாகச் சபையின் சில குடும்பங்களாய் மூன்று நாள் பயணம் ஒன்று மேற்கொண்டோம்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை எடுத்து கில்காலில் நாட்டினார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏன் என்று கேட்கும்போது தகப்பன்மார் விடை சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம் (யோசுவா 4). பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

முதல் நாள்: வாசல்களின் பட்டணம்

கேட்வே ஆஃப் இந்தியாவில் தொடங்கினோம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டு, 1924-ல் திறந்து வைக்கப்பட்ட வாசல் இது. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதே வாசல் வழியாகவே வெளியேறிச் சென்றது. இராஜாக்களை நீக்கி இராஜாக்களை ஏற்படுத்துகிறவர் யார் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அங்கிருந்து கோட்டைப் பகுதியிலுள்ள பரிசுத்த தோமா பேராலயம் சென்றோம். 1718-ல் திறக்கப்பட்ட ஆலயம் அது. அன்று கோட்டைமதிலில் இந்த ஆலயத்திற்குச் செல்லும் வாசலுக்கு இருந்த பெயரே இன்று "சர்ச்கேட்" ரயில் நிலையத்தின் பெயராய் நிலைத்திருக்கிறது. நாள்தோறும் அந்த நிலையத்தில் இறங்கி வேலைக்குச் செல்லும் சகோதரர்கள் இதைக் கேட்டு வியந்தார்கள். கொலாபாவிலுள்ள ஆப்கன் சர்ச், முதலாம் ஆப்கானியப் போரில் மடிந்தவர்களின் நினைவாகக் கட்டப்பட்டு 1858-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் சுவர்களிலுள்ள நினைவுக் கற்கள் போரின் விலையைச் சொல்லுகின்றன.

நம்மவர்கள் இன்றும் "வி.டி." என்றே அழைக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1887-ல் திறக்கப்பட்டது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாயிற்று. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தகரப்பெட்டியோடும் கண்ணீரோடும் இந்தப் பட்டணத்தில் முதன்முதல் கால் வைத்த இடம் அது. எங்களுடன் வந்த முதிய தாயார் ஒருவர் நடைமேடையில் நின்று அமைதியாய் ஸ்தோத்திரம் செலுத்தினார்.

மாலையில் சௌபாத்தி கடற்கரைக்கு வந்தோம். பேல்பூரி உண்ண வருகிற இடம் என்றே நாம் இதை அறிவோம். இதன் அருகில்தான் 1889 மார்ச் 11 அன்று பண்டித ராமாபாய் என்னும் முப்பது வயது விதவை, இளம் விதவைகளுக்காக "சாரதா சதன்" என்ற பள்ளி இல்லத்தைத் தொடங்கினார். மூன்றாம் நாள் பயணத்தின் விதை இங்கே விழுந்தது.

இரண்டாம் நாள்: மலையும் புனே நகரும்

2009-ல் திறக்கப்பட்ட பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்தையும், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவையும் பிள்ளைகள் பார்க்க விரும்பினார்கள். அடல் சேதுவின் வழியாகவே புனே பாதையைப் பிடித்தோம். கடலின்மேல் இவ்வளவு தூரம் செல்வது மனிதனுக்குத் தேவன் அருளிய ஞானத்தின் அத்தாட்சியே.

லோணாவ்ளாவுக்கு அருகிலுள்ள கார்லே குகைகள் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் பழமையான பௌத்தக் குடைவரைகள். பாறையைக் குடைந்த பெரிய மண்டபத்தின் கூரையில் பழங்கால மர வளைவுகள் இன்றும் இருக்கின்றன. தூண்களில் அவற்றைக் கொடையாகக் கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. முகப்பிலேயே கோளி மீனவர்கள் வழிபடும் ஏக்வீரா தேவி கோயிலும் உண்டு.

பிறமத ஸ்தலங்களை விசுவாசிகள் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர்களுடைய பீடத்தின் எழுத்தையும் வாசித்தார் (அப்போஸ்தலர் 17). அவர் வணங்கவும் இல்லை, பரியாசம் பண்ணவும் இல்லை. நம் நடக்கையும் அப்படியே இருக்கவேண்டும். நம் அயலான் எதைத் தேடுகிறான் என்று அறியாதவன் அவனுக்கு எப்படிச் சுவிசேஷம் சொல்லுவான்?

புனேயில் பேஷ்வாக்களின் சனிவார் வாடாவைப் பார்த்தோம். முதலாம் பாஜிராவ் 1732-ல் கட்டிமுடித்த இந்த அரண்மனையை 1828-ல் தீ அழித்தது. மதிலும் வாசலும் அடித்தளமுமே மீதி. சிவப்பு நிறத்தால் "லால் தேவுள்" எனப்படும் யூத ஜெப ஆலயம், டேவிட் சசூன் என்னும் வணிகரின் கொடையால் 1867-ல் கட்டப்பட்டது. ஆகா கான் அரண்மனையில் 1942 முதல் 1944 வரை காந்தியடிகள் சிறைவைக்கப்பட்டிருந்தார். அங்கேயே அவருடைய மனைவி கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22 அன்று மரித்தார். அவருடைய சமாதியருகே எங்கள் பெண்பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள்.

மூன்றாம் நாள்: ரயில் நிற்காத ஊர்

புனேயிலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், தௌண்ட் செல்லும் பாதையில் இருக்கிறது கேட்காவ். இங்கேதான் பண்டித ராமாபாய் நிறுவிய முக்தி மிஷன் இருக்கிறது. முக்தி என்றால் விடுதலை.

ராமாபாய் 1858-ல் சமஸ்கிருதப் பண்டிதர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். பெண்ணுக்கு வேதமொழி கூடாது என்றிருந்த காலத்தில் தகப்பனார் அவருக்கு அதைக் கற்பிக்கச் செய்தார். குடும்பமாய் ஸ்தலம் ஸ்தலமாய் யாத்திரை சென்று, புராணம் வாசித்துப் பிழைத்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது தந்தையும் தாயும் மூத்த சகோதரியும் மரித்தனர். மிஞ்சிய ராமாபாயும் அவருடைய சகோதரரும் பல ஆயிரம் மைல்கள் நடந்து 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்குள்ள அறிஞர்கள் அவருக்குப் "பண்டிதா", "சரஸ்வதி" என்ற பட்டங்களைச் சூட்டினார்கள். மணமுடித்து இரண்டு ஆண்டுகளுக்குள் கணவர் காலராவில் இறந்துபோக, கையில் குழந்தை மனோரமாவோடு விதவையானார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

இந்தியாவின் புண்ணிய ஸ்தலங்களையெல்லாம் கால்நடையாய்ப் பார்த்தவர் இவர். நாம் மூன்று நாளில் பார்த்ததைப்போல் எத்தனையோ மடங்கு பார்த்தவர். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் எந்த ஸ்தலத்திலும் கிடைக்கவில்லை, கிறிஸ்துவிடம் கிடைத்தது என்பதே அவருடைய சாட்சி.

1896-ல் மத்திய இந்தியாவில் பஞ்சம் வந்தது. தன் பெற்றோரைப் பறித்த பஞ்சத்தை மறவாத ராமாபாய், நேரில் சென்று நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் மீட்டுக் கேட்காவுக்குக் கொண்டுவந்தார். 1900 அளவில் அங்கே ஏறக்குறைய 2000 பேர் இருந்தார்கள். கிணறுகள் வெட்டப்பட்டன. நெசவும் விவசாயமும் அச்சுத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் எழுத்தை மனோரமா கற்பித்தார்.

1905 ஜனவரியில் சுமார் 70 பெண்கள் எழுப்புதலுக்காகத் தினமும் கூடி ஜெபிக்கத் தொடங்கினர். ஜூன் மாதத்தில் அது 550 பேராயிற்று. ஜூன் 29 அதிகாலையில் ஒரு பெண் ஆவியின் அக்கினியால் நிரப்பப்பட்டபோது, உடனிருந்த பெண் அவள் தீப்பற்றி எரிவதாக எண்ணி வாளியில் தண்ணீர் எடுக்க ஓடினாளாம். மறுநாள் ராமாபாய் யோவான் 8-ம் அதிகாரத்தைப் போதித்துக்கொண்டிருக்கையில் முழுக்கூட்டமும் அழுது ஜெபிக்கலாயிற்று. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் தொடங்கியதோ 1906 ஏப்ரலில்தான். முக்தியில் உடன் ஊழியம் செய்த மின்னி ஆப்ரம்ஸ் 1906-ல் எழுதிய சிறு நூல் தென் அமெரிக்காவின் சிலி தேசத்தை எட்டி, அங்கே 1909-ல் உண்டான பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு ஒரு காரணமாயிற்று. 1860-ல் நம் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் ஐயாவின் ஊழியத்தில் ஊற்றப்பட்ட அதே ஆவியானவர், இந்த மராத்திய மண்ணிலும் ஊற்றப்பட்டார்.

அக்கினி யார்மேல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பஞ்சத்தில் எறியப்பட்ட அநாதைகள்மேலும், வீட்டார் வேண்டாமென்ற விதவைகள்மேலும் விழுந்தது. அதற்குமுன் அவர்களுக்குச் சோறும் பாயும் பள்ளியும் கிடைத்திருந்தன. நம் சபைகளில் அபிஷேகத்திற்காக இரவெல்லாம் ஜெபிக்கிறோம், நல்லது. ஆனால் நம் குடியிருப்பில் கைவிடப்பட்ட தாயார் ஒருவர் இருந்தால் அவர் கதவைத் தட்டுகிறோமா? ஜெபத்தையும் சோற்றையும் முக்தியில் பிரித்துப் பார்க்கவில்லை.

ராமாபாய் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1922 ஏப்ரல் 5 அன்று அவர் நித்திரையடைந்தார். அந்த வேதாகமம் 1924-ல் முழுமையாய் வெளிவந்தது. அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது. அதன் மண்ணை எடுத்துவர எங்களுடன் வந்த ஒருவர் குனிந்தபோது அன்பாய்த் தடுத்தேன். தொழுதுகொள்வதற்கு இந்த மலையும் அல்ல எருசலேமும் அல்ல என்று ஆண்டவர் சமாரியப் பெண்ணுக்குப் போதித்தாரே. யாத்திரை ஸ்தலங்களைவிட்டு கிறிஸ்துவிடம் வந்தவரின் கல்லறையை நாம் இன்னொரு யாத்திரை ஸ்தலமாக்கலாமா?

போக விரும்புவோருக்கு

முக்தி மிஷனில் பெண்களும் பிள்ளைகளும் இன்றும் பராமரிக்கப்படுகிறார்கள். அது அவர்களுடைய வீடு. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். புனே–தௌண்ட் இடையே ஓடும் பயணிகள் ரயில்கள் கேட்காவில் நிற்கும். அகில்யாநகர் அருகிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. தௌண்ட் பாதை என்று கேட்டுச் செல்லுங்கள். கார்லேயில் படிகள் அதிகம். முதியோர் காலையிலேயே ஏறுவது நலம்.

திரும்பும் வழியில், கேள்வி கேட்ட அந்தத் தம்பி வெகுநேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "பதினேழு வருஷமா இந்த வழியாத்தான் ஊருக்குப் போறோம். ஒருத்தரும் சொல்லலையே, பாஸ்டர்" என்றான். அந்தக் குற்றச்சாட்டு என்மேல் உண்மையாகவே விழுந்தது.

அன்பான பெற்றோரே, அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது புனே தாண்டியவுடன் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். கேட்காவ் வரும்போது ஜன்னலோரம் அழைத்து, தேவன் இந்த மண்ணில் செய்ததைச் சொல்லுங்கள். பிழைப்புக்காக வந்த பட்டணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். நாம் வருவதற்கு முன்னமே கர்த்தர் இங்கே வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.