ஆலிவ் சவர்க்காரமும் கிள்ளான் ஈரமும்

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவந்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். சவர்க்காரம் செய்யக் கற்றுக்கொள்ள என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாம் ஆசையாகப் போடும் பூவும் இலையும் பொடியும் சுண்ணாம்பைவிடக் கடுமையான காரத்துக்குள் விழுகின்றன. அதில் எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் காரம் காஸ்டிக் சோடா. அது இல்லாமல் கட்டிச் சவர்க்காரம் கிடையாது. காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் வினைபுரிந்து சவர்க்காரமும் கிளிசரினுமாக மாறுகின்றன. பெரிய ஆலைகள் பலவும் அந்தக் கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்றுவிடுகின்றன. வீட்டில் செய்வதில் அது அப்படியே தங்கிவிடும். தோல் இழுக்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

நான் சவர்க்காரத்துக்கு எடுக்கும் ஆலிவ் எண்ணெய் நம் ஊர்ப் பொருள் இல்லை. 1688இல் பிரான்சு அரசு, மார்செய் சவர்க்காரத்தில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேரக்கூடாது என்று ஆணை போட்டது. சிரியாவின் அலெப்போ, பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் ஆகிய இரு நகரங்களின் ஆலிவ் சவர்க்காரக் கலையை யுனெஸ்கோ 2024இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவையெல்லாம் காற்று உலர்ந்திருக்கும் ஊர்கள். நான் இருக்கும் மலேசியாவின் கிள்ளானில் துண்டே காயமாட்டேன் என்கிறது. அதனால் அவர்கள் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் தடவைக்கு அரை கிலோ ஆலிவ் எண்ணெய் போதும். சமையலுக்கான விலை உயர்ந்த எக்ஸ்ட்ரா வெர்ஜின் வேண்டாம். சக்கையிலிருந்து எடுக்கும் போமஸ் வகையே சீக்கிரம் கெட்டிப்படும். 500 கிராம் எண்ணெய்க்கு 64 கிராம் காஸ்டிக் சோடா, 130 கிராம் தண்ணீர். இந்த அளவில் எண்ணெயில் 5 விழுக்காடு சவர்க்காரமாக மாறாமல் மிஞ்சும். தோலுக்கு அது நல்லது. கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, டிஜிட்டல் தராசு கட்டாயம். எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாறும். அதே அரை கிலோ தேங்காய் எண்ணெய் என்றால் சுமார் 87 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். மாற்றிச் செய்து, சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது; காரம் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நான் பின்பக்கத்து வெளிச் சமையலறையில்தான் கரைப்பேன், அந்த நேரம் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. தோலில் பட்டால் புளிக்காடியைத் தேடாதீர்கள். குழாயைத் திறந்து பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கரைசலின் சூடு தணிந்ததும் எண்ணெயில் ஊற்றி, கைப்பிடி பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் அவசரப்படாது. கலவை இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, மேலே ஊற்றிய கோடு மறையாமல் நின்றால் பதம் சரி. பொடிகளை அப்போது சேர்க்க வேண்டும்.

பொடி வாங்க எனக்குக் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவே போதும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் போகலாம், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைகளில் எல்லாம் கிடைக்கும். அரை கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள் போட்டால் முதலில் சிவந்து, நாளாக ஆக மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்கு இறங்கும். அழகான நிறம், ஆனால் வெளிச்சத்தில் மங்கும். வேப்பிலைப் பொடி பச்சையாகத் தொடங்கிப் பழுப்பில் முடியும். செம்பருத்தி இதழ் மண் நிறமாகிவிடும். நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தரும் சங்குப்பூவும் அப்படித்தான், நீலம் நிற்காது. நைசாகச் சலித்த பச்சைப்பயறு மாவு தாங்கும், லேசாகத் தேய்த்தும் கொடுக்கும். என் விருப்பம் வெட்டிவேர்: காய்ந்த வேரை ஆலிவ் எண்ணெயில் சில வாரம் ஊறவைத்து வடிகட்டி, அந்த எண்ணெயிலேயே சவர்க்காரம் செய்வேன். மணம் மெல்லியதுதான். பச்சை இலை, பழக்கூழ், ஈரமான பூ எதையும் நான் சேர்ப்பதில்லை; இந்த ஊர் ஈரத்தில் கெட்டுப்போகும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, வேப்பிலை போட்டிருக்கீங்களே, தம்பிக்கு இருக்கிற எக்ஸிமா போயிடுமா?"

"போகாதும்மா. இது அழுக்கை எடுக்கும், அவ்வளவுதான். எக்ஸிமாவுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

காரத்தில் ஊறி, உடம்பில் அரை நிமிடம் நின்று, தண்ணீரோடு ஓடிவிடும் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூலிகைச் சவர்க்காரம் என்று சந்தையில் நடக்கும் பேச்சில் என்னை வருத்துவது இதுதான்.

கலவையை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து வெட்டிய பிறகு காத்திருப்பதுதான் பெரிய வேலை. தேங்காய் எண்ணெய் கலந்தது நான்கு முதல் ஆறு வாரத்தில் தயாராகும். தனி ஆலிவ் என்றால் ஆறு மாதம் விடுங்கள். அதற்கு முன் எடுத்தால் கொழகொழவென்று நூல் இழுக்கும், நுரையும் சுரத்தில்லாமல் இருக்கும். மழை நாளில் கட்டியின் மேல் வியர்வை முத்துகள் தெரியும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது, கெட்டதாக அர்த்தமில்லை. கட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி மின்விசிறி போடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும் வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

நுரை வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம். கட்டி இறுக வேண்டுமென்றால் செம்பனை எண்ணெயும் கொஞ்சம். செம்பனை என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரத்தில் தொடங்கியது. பிறகு எத்தனையோ தோட்டங்களில் நம் மக்கள் குலை அறுத்து வாழ்ந்தார்கள். அந்த எண்ணெய் என் சவர்க்காரத்தில் இருப்பதில் எனக்குக் குறையில்லை.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. மலேசியாவில் குளியல் சவர்க்காரம் ஒப்பனைப் பொருள். 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள என்.பி.ஆர்.ஏ எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து எண் பெற்ற பிறகே விற்கலாம். நோய் தீர்க்கும் என்று உறையில் எழுதக்கூடாது. உறவுக்காரர்களுக்குக் கொடுப்பதென்றால், செய்த தேதியையும் சேர்த்த எண்ணெய், பொடிகளின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.